போர்ட்ஃபோலியோவுக்கு 45,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: 2024 அக்டோபர் 6, மாலை

கடலூர் பக்கம் நெல்லிக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன்; உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். ஜவுளி, நகை விளம்பரங்களில் மாடலாக வர வேண்டும் என்று ஆசை. புதுச்சேரியில் ஒரு போட்டோகிராபர் நாற்பது படங்கள், ஆறு உடைகள், மேக்கப், தோல் அட்டை போட்ட ஆல்பம் எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் என்கிறார். பாதியை முன்பணமாகக் கட்டினால், சென்னையில் தனக்குத் தெரிந்த ஏஜென்சியில் சேர்த்துவிடுவதாகவும் சொல்கிறார். போர்ட்ஃபோலியோ கனமாக இருந்தால்தான் வாய்ப்பு வரும் என்பது உண்மைதானே? அனுபவம் உள்ள அக்காமார் யாராவது சொல்லுங்கள். அம்மாவின் வளையலை அடகு வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.

பதில்: அக்டோபர் 6, இரவு 10.40

வளையல் பெட்டியிலேயே இருக்கட்டும். நான் 2008 முதல் ஆறு ஆண்டுகள் சேலை, நைட்டி, கவரிங் நகை என்று கிடைத்ததற்கெல்லாம் நின்றவள். இப்போது புதுச்சேரியில் இருந்தபடியே சிறிய விளம்பர நிறுவனங்களுக்கு முகம் தேடிக் கொடுக்கிறேன். மாதத்துக்கு நாற்பது, ஐம்பது பேரின் படங்கள் என் கைப்பேசிக்கு வருகின்றன. தோல் அட்டை ஆல்பத்தை இதுவரை எந்தக் கடைக்காரரும் என்னிடம் கேட்டதில்லை. அவர் கேட்பது ஐந்தாறு படம், உயரம், அளவுகள், எந்த ஊர், எந்தத் தேதிகளில் வர முடியும் என்பவைதான்.

ஏஜென்சியில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லி முன்பணம் கேட்பதுதான் எனக்கு நெருடுகிறது. முறையான ஏஜென்சி வேலை வாங்கிக் கொடுத்து, அந்தக் கூலியில் தன் பங்கைக் கழித்துக்கொள்ளும். சேர்வதற்கே காசு, அதுவும் அவர்கள் கைகாட்டும் ஆளிடமே படம் எடுக்க வேண்டும் என்றால், அவர்களுக்கு அடுப்பு எரிவது உங்களைப் போன்ற பிள்ளைகளின் முன்பணத்தில்தான்.

அக்டோபர் 7, காலை

நேற்றுப் படபடவென்று எழுதிவிட்டேன்; என் கதையையும் சொல்வதுதான் நியாயம். 2008-இல் நானும் 18,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தவள். ஸ்டூடியோவின் பெயர் வேண்டாம். முப்பத்தாறு படங்கள் கொண்ட அந்த ஆல்பத்தைத் தூக்கினால் கை வலிக்கும். ஒரு படத்தில் தலையில் இறகு, ஒன்றில் கௌபாய் தொப்பி, இன்னொன்றில் பிளாஸ்டிக் ரோஜாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதைத் துணிப்பையில் போட்டுச் சுமந்து, பேருந்தில் சென்னைக்குப் போய், தியாகராய நகரில் ஒரு விளம்பர ஒருங்கிணைப்பாளரின் மேசைமேல் வைத்தேன். அந்த அம்மாள் தேநீர்க் கோப்பையை இடக்கையில் பிடித்தபடி, வலக்கைக் கட்டைவிரலால் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். எந்தப் பக்கத்திலும் விரல் நிற்கவில்லை. கடைசி உறையில் நான் செருகி மறந்திருந்த ஒரு படம் நழுவி மேசையில் விழுந்தது. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஈரத் தலையோடு நின்ற என்னை என் தம்பி சாதாரண டிஜிட்டல் கேமராவில் எடுத்த படம் அது. "இதுதான் நீயா? அப்படியென்றால் மற்ற முப்பத்தாறும் யாரம்மா?" என்று கேட்டார். பருத்திச் சேலை விளம்பரம் ஒன்றுக்கு என்னை அழைத்தது அந்த ஒற்றைப் படத்தைப் பார்த்துத்தான்.

ஆல்பம் இன்றும் வீட்டில் இருக்கிறது. ஆடிக்கொண்டிருந்த தையல் இயந்திரத்தின் ஒரு காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறோம். 18,000 ரூபாய்க்கு இப்போதுதான் பலன் தெரிகிறது.

அக்டோபர் 9

அப்படியானால் கைப்பேசிப் படமே போதுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். முதல் தொகுதிக்குப் போதும். இந்தத் துறையில் அதை 'டிஜிட்டல்ஸ்' என்பார்கள்; பழைய ஆட்கள் இன்னும் 'போலராய்டு' என்றே சொல்கிறார்கள். முகம் நேராகவும் பக்கவாட்டிலும், இடுப்பு வரை, முழு உருவம் நேராகவும் பக்கவாட்டிலும், முதுகுப்புறம் ஒன்று. அலங்காரம் வேண்டாம். தலைமுடியை ஒருமுறை விரித்தும் ஒருமுறை வாரிக் கட்டியும் எடுங்கள். உடலோடு படிந்த ஒரே நிற உடை, வெள்ளையடித்த சுவர், நேர் வெயில் படாத வெளிச்சம். எடுப்பவர் முகத்துக்கு அருகில் வந்தால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழும். ஆறேழு அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். முழு உருவத்துக்குக் கைப்பேசியைத் தன் இடுப்பு உயரத்துக்கு இறக்கிப் பிடிக்கட்டும். நின்ற வாக்கில் கண் உயரத்திலிருந்து எடுத்தால் ஐந்தடி ஆறு அங்குலம் ஐந்தடியாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும் என்பதால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

போர்ட்ஃபோலியோ என்பது இதற்கு அடுத்த படி. பத்து அல்லது பன்னிரண்டு படங்கள் போதும். அவற்றில் நீங்கள் தேடும் வேலை தெரிய வேண்டும். ஜவுளிக்குப் போகிறவருக்கு முந்தானை விழும் அழகும் நடக்கும்போது கொசுவம் பிரியும் விதமும் தெரிகிற படம் வேண்டும். நகைக்குப் போகிறவருக்குக் கழுத்து, காது, கை ஆகியவற்றின் நெருக்கமான படங்கள் வேண்டும். என் கை நன்றாக இருக்கிறது என்பதையே நான்காவது ஆண்டில்தான் கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு வந்த வளையல் விளம்பரங்களில் என் முகமே இல்லை, கூலி மட்டும் ஒழுங்காக வந்தது. அச்சிட்டுக் கொடுப்பதானால் காம்ப் கார்டு என்ற ஒற்றை அட்டை போதும்: ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், முன்பக்கம் முகம், பின்பக்கம் மூன்று நான்கு படங்களும் அளவுகளும். இதற்குத் தோல் அட்டை எதற்கு?

அக்டோபர் 15

இடத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனின் மஞ்சள் சுவரைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். என்னிடம் வரும் படங்களில் பாதி அந்தச் சுவரின் முன்தான். சென்னையில் இருப்பவர்கள் அதைக் கண்டதும் ஆளைப் பார்க்காமலே அடுத்ததற்குத் தள்ளுகிறார்கள். அலுப்பு ஒருபுறம் இருக்கட்டும், வெயில் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும்போது கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் மஞ்சள் ஏறிவிடுகிறது. பிறகு அந்த மஞ்சளை எடுக்கிறேன் என்று கணினியில் உட்கார்ந்தால் தோலின் நிறமே மாறிப்போகும். சாம்பல் அல்லது வெள்ளைச் சுவராகப் பாருங்கள். அதே பகுதியின் தூமா வீதி போல வடக்குத் தெற்காக ஓடும் வீதிகளில் காலையில் கிழக்குப் பக்கத்து வீடுகளின் நிழல் விழுந்திருக்கும். அந்த நிழலில் நிற்பதுதான் முகத்துக்கு நல்லது. வீட்டு வாசலில் படம் எடுக்கக்கூடாது என்று பலகை இருந்தால் மதித்து நகருங்கள், இல்லையேல் கேட்டுவிட்டு எடுங்கள்.

கடற்கரைச் சாலையில் சூரிய உதயத்தில் எடுப்பதே சிறப்பு.

அக்டோபர் 16

நேற்றைய கடைசி வரியை அடித்துவிடுகிறேன். எல்லாரும் சொல்வதை நானும் சொல்லிவிட்டேன். காலையில் கடலைப் பார்த்து நின்றால் கண் கூசிச் சுருங்கும். ஊரைப் பார்த்துத் திரும்பினால் முகம் இருண்டுவிடும். எனக்கு அங்கே கிடைத்த நல்ல படங்கள் எல்லாம் மாலையில் எடுத்தவை. சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கியதும் சாலை முழுவதும் நிழலாகிவிடும். கடலுக்கு மேலிருக்கும் திறந்த வானத்திலிருந்து மட்டும் மென்மையான வெளிச்சம் வரும். ஆறு மணிக்கு வண்டிகளையும் நிறுத்திவிடுவார்கள், நடப்பவர்கள்தான் மிச்சம். கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கும் இதே கணக்குதான். ஒரே தொல்லை காற்று. வாரிய தலை ஐந்து நிமிடம் நிற்காது. சேலைக்கு நான் பத்துக்குக் குறையாமல் ஊக்கு எடுத்துப் போவேன்.

அக்டோபர் 20

இப்போது ஆளைத் தேர்ந்தெடுப்பது. அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருப்பது இருநூறு நாள் உழைப்பின் இருபது படங்கள்; அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பெண்ணை ஒரே நாளில் எடுத்த முழுத் தொகுதியைக் காட்டச் சொல்லுங்கள். அதில் சுமாரான படங்களும் இருக்கும், அவைதான் அவருடைய உண்மையான தரம். அந்தப் படங்களில் இருப்பவர்களில் இரண்டு பேரை நீங்களாகவே தேடிப் பிடித்துப் பேசுங்கள். சொன்ன நேரத்தில் படம் வந்ததா, கூட வந்தவரை வெளியே உட்காரச் சொன்னாரா, பேசிய உடையைத் தவிர வேறு உடையை அங்கே போனபின் எடுத்து நீட்டினாரா என்ற மூன்று கேள்விகளே போதும்.

துணைக்கு ஆள் வருவதை முகம் சுளிப்பவரிடம் எவ்வளவு நல்ல கேமரா இருந்தாலும் போக வேண்டாம். "ஆள் இருந்தால் எக்ஸ்பிரஷன் வராது" என்பார்கள். விளம்பரப் படப்பிடிப்பில் கடைக்காரர், அவர் மைத்துனர், மேக்கப் போடுபவர், லைட் பிடிப்பவர் என்று பத்துப் பேர் முன்னால்தான் சிரிக்கப்போகிறோம். அங்கே வரும் எக்ஸ்பிரஷன் துணைக்கு வந்த மாமா முன்னால் மட்டும் வராதா?

கல்யாண போட்டோகிராபர்களிடம் போகாதீர்கள். அவர்களுக்கு இந்த வேலை தெரியாது.

அக்டோபர் 23

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒருவர் எனக்குத் தனியே எழுதி நன்றாகக் கேட்டுவிட்டார். இருபது ஆண்டுகளாகத் திருவந்திபுரம் கோயில் கல்யாணங்களை எடுப்பவராம். "முகூர்த்த நாளில் அந்தக் கோயில் மலையில் வரிசையாகக் கல்யாணம் நடக்கும். ஒரு தாலிகட்டு, இரண்டாவது டேக் கிடையாது. நடுவே மாமனார் வந்து மறைப்பார், புகை வரும், அட்சதை லென்ஸில் விழும். அதில் முகத்தைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு உங்கள் சேலைப் படம் பிடிக்கத் தெரியாதா, அம்மா?" என்று கேட்கிறார்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. நினைத்துப் பார்த்தால், 2011-இல் என் காம்ப் கார்டின் முன்பக்கத்துக்கு வந்த படமே மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண ஸ்டூடியோவில் எடுத்ததுதான். அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. கேமராவை எடுக்கும் முன் அவர் கேட்ட முதல் கேள்வி, "துணைக்கு யாரம்மா வந்திருக்கிறார்கள்?" என்பது. அவருடைய மனைவி உள்ளே இருந்து வந்து, காப்பி கொடுத்துவிட்டு, ஒரு பழைய தெர்மாகோல் பலகையைத் தூக்கி என் முகத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டார். அதன் ஒரு மூலை உடைந்து, பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அந்தப் பலகையை அவர் அரை அடி உயர்த்தியதும் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் மறைந்ததைத் திரையில் பார்த்து நானே வியந்தேன். ஆக, அக்டோபர் 20 குறிப்பின் கடைசி இரண்டு வரிகளைத் திரும்பப் பெறுகிறேன். இன்னும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன்: தோலை மெழுகுப் பொம்மையாக்கும் கல்யாண ஆல்பப் பழக்கத்தை அவர் கடைவாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

அக்டோபர் 27

அந்தப் பழக்கத்தைப் பற்றியே தனியாக எழுத வேண்டும். நம் பக்கத்து நிறத்தை இரண்டு படி வெளுக்காமல் படம் கொடுக்கும் ஸ்டூடியோவைப் பார்ப்பது அரிது. கேட்காமலேயே செய்து, நமக்கு உபகாரம் செய்ததாக நினைத்துக்கொள்வார்கள். விளைவை நான் நேரில் பார்த்திருக்கிறேன். படத்தைப் பார்த்துத் தேர்வான ஒரு பெண் படப்பிடிப்புக்கு வந்து இறங்கியதும், கடைக்காரர் கைப்பேசியை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்தார். அனுப்பிவைத்த நான் தலைகுனிந்து நின்றேன். அவள் நிறத்திலேயே படம் இருந்திருந்தால், அந்த நிறத்தை வேண்டும் என்பவரிடம் நேராகப் போயிருப்பாள். அப்படிக் கேட்பவர்கள் இப்போது இருக்கிறார்கள். இந்திய விளம்பரத் தர மன்றம் 2014-லேயே கறுத்த நிறத்தைத் தாழ்வாகக் காட்டும் விளம்பரம் கூடாது என்று விதி வகுத்தது. 2020-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற களிம்பே தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்தது. ஸ்டூடியோ கணினியின் மவுஸுக்குத்தான் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

பருவை எடுக்கலாம், அடுத்த வாரம் அதுவே போய்விடும். மச்சத்தையும் தழும்பையும் எடுக்கக் கூடாது. என் இடது முழங்கையில் சிறு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு உண்டு. ஒரு படத்தில் அதை அழித்துவிட்டார்கள், முழங்கைக்கு மேல் அணியும் வங்கி என்ற நகையின் படப்பிடிப்பின் நடுவில் அது 'புதிதாக' முளைத்துவிட்டது.

நவம்பர் 3

உரிமை யாருக்கு என்று கேட்டதற்கு: படம் எடுத்தவருக்கே.

நவம்பர் 4

ஒற்றை வரியில் தப்பாகச் சொல்லிவிட்டேன். வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் என் சித்தப்பா படித்துவிட்டு, "சட்டத்தைப் பாதியில் நிறுத்தாதே" என்றார். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவரே அதன் ஆசிரியர். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டு, காசும் கொடுத்து எடுக்கப்பட்ட படத்துக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர், 17-ஆம் பிரிவு. ஆகவே நீங்கள் பணம் கொடுத்து எடுத்தால் உரிமை உங்களுக்கு. இலவசமாக 'கொலாப்' என்று எடுத்தால் அவருக்கு. கவனிக்க வேண்டிய இடம் 'வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்பது. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் உரிமை எல்லாம் ஸ்டூடியோவுக்கே என்று அச்சிட்டிருந்தால் கதை மாறிவிடும். திருப்பிப் பாருங்கள்.

ஒரு வெள்ளைத் தாளிலாவது எழுதி வாங்குங்கள்: எத்தனை படம், எந்தத் தேதிக்குள், மொத்தத் தொகை, அவர் எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது. தன் பக்கத்தில் போட்டுக்கொள்ளட்டும். மூன்றாவது ஆளுக்கு விற்கக் கூடாது. இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். பதினெட்டு வயது நிறையாதவர்கள் படிப்பதாக இருந்தால், உங்கள் கையெழுத்து ஒப்பந்தமாகாது. பெற்றோர் உடன் இல்லாமல் ஸ்டூடியோ படியே ஏற வேண்டாம்.

நவம்பர் 5

இதைச் சொல்லத் தயங்கினேன், சொல்லிவிடுகிறேன். உடை மாற்றும் அறையைப் போனவுடன் பாருங்கள். தாழ்ப்பாள் உள்ளிருந்து போடும்படி இருக்கிறதா, அலமாரி மேல் தேவையில்லாத பொருள் ஏதும் இருக்கிறதா என்று துணைக்கு வந்தவரும் ஒருமுறை பார்க்கட்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு, பெண்ணின் அந்தரங்கத்தைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பதையும் படம் பிடிப்பதையும் குற்றமாக்குகிறது. அத்தகைய படத்தை எடுக்க அவளே சம்மதித்திருந்தாலும், மற்றவருக்கு அனுப்பச் சம்மதிக்காதபோது அனுப்பினால் அதுவும் குற்றம் என்று அதே பிரிவு விளக்குகிறது. யாராவது படத்தை வைத்து மிரட்டினால் பணம் கொடுத்து அடக்க நினைக்காதீர்கள். உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போங்கள். மத்திய அரசின் இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். பணம் பறிபோயிருந்தால் 1930-க்கு உடனே அழைக்க வேண்டும்.

டிசம்பர் 8

ஒரு மாதமாக எழுதவில்லை. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் ஊருக்கு அருகில்தான் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். உங்கள் பக்கம் தென்பெண்ணை வெள்ளம் என்று செய்தியில் பார்த்தேன். நலம் என்று பதில் வந்த பிறகுதான் மூச்சு வந்தது.

எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டூடியோவில் தரையோடு வைத்திருந்த கணினியும் இரண்டு ஹார்டு டிஸ்கும் நனைந்துபோயின. மூன்று பெண்களின் முழுத் தொகுதியும் போயிற்று. முன்பணம் மட்டும் பத்திரமாக இருக்கிறதாம். நவம்பர் 4 குறிப்பில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: படம் எடுத்த அன்றே, திருத்தாத கோப்புகளின் ஒரு நகலைப் பென் டிரைவில் வாங்கிவிடுங்கள். 'ரா' என்ற கேமராவின் மூலக் கோப்பைத் தர மாட்டேன் என்பது பலருடைய கொள்கை, அதில் தவறில்லை. ஜேபெக் என்ற சாதாரணப் பட நகலாவது போதும்.

2025 ஜனவரி 5

45,000 ரூபாய்க்காரர் துணைக்கு ஆள் வரக் கூடாது என்றாராம், மாமா அங்கேயே எழுந்து வந்துவிட்டாராம். மாமாவுக்கு என் வணக்கம். அக்டோபர் 23-இல் என்னைத் திட்டியவரிடமே கேள்வி கேட்ட பெண்ணும் மாமாவும் போயிருக்கிறார்கள். ஒரு நாள், மூன்று உடை, பன்னிரண்டு படம், 9,000 ரூபாய். முகூர்த்தம் இல்லாத மார்கழியாகப் பார்த்துப் போனதால் மனிதர் அவசரப்படாமல் எடுத்திருக்கிறார்.

ஜனவரி 12

பன்னிரண்டையும் பார்த்தேன். நீலச் சுங்குடிச் சேலையில் படித்துறையில் இறங்கும் படம் முதலில் வரட்டும். நிறம் அப்படியே உங்கள் நிறம், முந்தானையும் தெரிகிறது. கழுத்துக்கு எடுத்த நெருக்கப் படத்தில் சங்கிலியின் கொக்கி முன்னால் வந்திருக்கிறது, நகைக்காரர் கண்ணுக்கு அதுதான் முதலில் படும், அந்தப் படத்தையே எடுத்துவிடுங்கள். நான்காவதும் ஐந்தாவதும் ஒரே சிரிப்பு, ஒன்று போதும். ஒன்பதாவது படம் எதற்கு என்று விளங்கவில்லை. கையில் ரோஜா வைத்திருக்கிறீர்கள். நல்லவேளை, கடிக்கவில்லை.

மீதம் ஒன்பது. பொங்கல் முடிந்ததும் அனுப்புங்கள், இப்போது கடைகளில் பேச ஆள் கிடைக்காது. கோப்பின் பெயரில் உங்கள் பெயர், உயரம், ஊர் இருக்கட்டும். 'படம் புதியது கடைசி 2' என்ற பெயரில் என்னிடம் ஏற்கெனவே நாற்பது பேர் இருக்கிறார்கள்.